வாய்த்துணி

இந்தக் காலத்து ஆட்களுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. பாக்கலாம் என்கிறார்கள். பெண் கேட்டுப் போனாலும் பாக்கலாம், வேலை கேட்டுப் போனாலும் பாக்கலாம், எழவு சொல்லிவிட்டாலும் பாக்கலாம். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தால் கேட்டவன் வேறு சோலியைப் பார்ப்பான். இந்தப் பாக்கலாம் இருக்கிறதே, அது மனுசனை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது, வாசலில் நிறுத்திக் காயப்போடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் போன வருசம் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவியா என்றதற்கு அப்படித்தான் சொன்னான். சீனிச்சாமி மூன்று நாள் போடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டுத் திரும்பினார்.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில், பஞ்சுத் தொட்டிக்குள் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை. நாலு பக்கமும் கம்பிவலை அடித்த கூண்டு, தரையும் வலை. அதற்குள் முழங்கால் உயரத்துக்கு இலவம்பஞ்சு கொட்டையோடு கிடக்கும். நுனியில் குறுக்குக் குச்சிகள் செருகிய மூங்கில் கழியைப் பஞ்சுக்குள் விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். கொட்டை பிரிந்து வலைக்குக் கீழே சடசடவென்று விழும். பஞ்சு மேலே எழும்பும். மூக்கு, காது, இமை மயிர் எல்லாவற்றிலும் ஏறும். அறுபத்தாறு வயதில் அவருடைய உள்ளங்கைகள் செருப்புத் தோலாகியிருந்தன. வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிய ஒரு துணி. அது இல்லாமல் அந்த ஷெட்டுக்குள் கால்மணி நேரம் நின்றால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தலையணை அடைக்கும் அறை. இருபத்திரண்டு பெண்கள். ஜன்னல்களைச் சாத்தித்தான் வைத்திருப்பார்கள். ஃபேன் கிடையாது, காற்று வந்தால் பஞ்சு பறந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே வேர்வையும் பஞ்சும் சேர்ந்து கழுத்தில் களியாய் ஒட்டும். வாயைக் கட்டியிருப்பதால் பேச்சும் இல்லை. உறை வேண்டுமென்றால் இரண்டு விரல், தண்ணீர் என்றால் கட்டைவிரல், முதலாளி வருகிறார் என்றால் தலையில் ஒரு தட்டு. பதினேழு வருசமாக அந்தப் பெண்களைச் சீனிச்சாமிக்குக் கண்ணாக மட்டும்தான் தெரியும். மதியச் சோற்றை அவர் தன் அறையில் தனியாகத் தின்பார். பஜாரில் எவளாவது, "என்ன பெரியப்பா, இங்கிட்டு?" என்றால், யாரென்று விளங்காமல் பேசாமல் நடந்துவிடுவார். கிழவனுக்கு ஏத்தம் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

சுனாமி வந்ததற்கு அடுத்த கோடை அது. மலையடிவாரத்திலிருந்து இலவ நெற்று லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நெற்று லாரிக்குப் பின்னாலேயே இன்னொரு வண்டி வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த பிரஸ் ஒன்றை இறக்கினார்கள். மேலே தடித்த திருகு, பக்கத்தில் சுற்றுகிற சக்கரம், கீழே பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. பஞ்சை அமுக்கிப் பேல் கட்டும் மெஷின்.

முதலாளி சுரேஷ்கண்ணன் எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டான். முப்பத்தைந்து வயசுக்காரன், அப்பா போனபிறகு இந்தப் பஞ்சுக் கிட்டங்கிக்கு வந்து கிடங்குச் சாவியை வாங்கியவன்.

"இனிமே தலையணை கிடையாது. வார வெள்ளிக்கிழமையோட அடைப்பு ரூம மூடுறேன். நாப்பது பேல் தூத்துக்குடிக்குப் போகணும், கப்பலுக்கு. இனி பேல் மட்டுந்தேன்."

"ஏன் மொதலாளி, தலையணையில எதுவும் கொறையா?" என்றாள் ராமுத்தாய். அடைப்பு அறையில் மூத்தவள் அவள். இரண்டு பெண் பிள்ளைகள்; புருசன் ஏலக்காட்டு வேலைக்கென்று மலை ஏறியவன் ஏறியவன்தான்.

"ஒங்க வேலையில குத்தம் சொல்லல. வாங்குற தேசத்துக்காரன் சட்டத்த மாத்திட்டான். பஞ்சா வந்தா வரி இல்ல. அதையே உறையில அடச்சுத் தலையணையா அனுப்புனா நூத்துக்குப் பன்னெண்டு வரி. அந்த வரியக் கட்டி எவன் வாங்குவான்? பஞ்சா அனுப்புங்க, நாங்களே அடச்சுக்கிறோம்ங்கிறான்."

சீனிச்சாமி வாய்த்துணியைக் கீழே இறக்கினார். "உறை போட்டா வரியா? அப்ப அந்தத் தேசத்துக்கு நாம அம்மணமாப் போனா சும்மா விடுவான், வேட்டி கட்டிப் போனாத்தேன் வரி கேப்பானோ?"

பெண்கள் துணிக்குள்ளேயே சிரித்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"கேலி பேசாதீக பெரியவரே. அவுக ஊர்லயும் தைக்கிற ஆளு, அடைக்கிற ஆளு இருக்காக. அவுகளுக்கு வேலை வேணும்னு அவுக கவர்மென்ட் பாக்குது."

"நம்ம கவர்மென்ட் என்னத்தப் பாக்குது?" என்றாள் ராமுத்தாய்.

"அது டெல்லி விசயம் ஆத்தா. நான் என்ன செய்ய முடியும்?"

அடைப்பு அறையிலேயே உட்கார்ந்து உறை தைக்கும் ஜெய்த்தூன் பீவி முன்னால் வந்தாள். கம்பத்திலிருந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டாள். "மதுரைக்கும் கோட்டயத்துக்கும் போற தலையணைக்கு எந்தத் தேசத்து வரி மொதலாளி? அதுக்காச்சும் பாதிப் பஞ்ச ஒதுக்குங்க. மிச்சத்தப் பேல் போடுங்க. வரி விசயத்துக்கு யாவாரிமாரு சேந்து தேனிக்குப் போயிக் கலெக்டர்ட்ட மனுக் குடுங்க. நாங்களும் கூட வாறோம். இங்கன இருந்து ஒரு சத்தமும் போகலைன்னா டெல்லிக்கு எப்படிக் கேக்கும்?"

"பாக்கலாம்" என்றான் சுரேஷ்கண்ணன்.

சீனிச்சாமி காறித் துப்பினார். துப்பலில் பஞ்சு இருந்தது.

மற்றவர்கள் கலைந்தபிறகு அவரை மட்டும் நிறுத்தினான். "ஒங்களுக்கு வேலை போகாது பெரியவரே. பிரஸ் ஒங்க பொறுப்பு. பஞ்சோட கொணம் ஒங்களுக்குத்தேன் தெரியும். அந்த ரூம்ல காலம் பூராம் இருந்துக்கங்க. ஒங்கள யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாக."

அந்த அறை நெற்று மூட்டைகளுக்குப் பின்னால், கோழிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிது. மனைவி மாயக்காள் செத்து, ஊரில் இருந்த கூரையும் மழையில் உட்கார்ந்தபிறகு அதுதான் வீடு. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தண்ணீர்ப் பானை, துண்டு போட ஒரு கொடி. அடுப்பு மூட்டக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது. பஞ்சுக் கிட்டங்கியில் தீப்பெட்டியைக்கூட வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்த அறைக்காகத்தான் அவர் பீடியை விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மனுசர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரே அடையாளம், பஞ்சு அடைத்த உறையைப் பெண்கள் கையால் தட்டித் தட்டிச் சமன் செய்கிற சத்தம். அது சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்றுவிடும். அதற்கப்புறம் எலிகள்தான்.

அன்று தட்டும் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சீனிச்சாமி யாரென்று முழித்தார்.

"நாந்தேன் பெரியப்பா, ராமுத்தாயி. துணி இல்லைன்னா ஒங்களுக்கு ஆளே தெரியாதோ?"

"என்ன வேணும்?"

"நீங்க பிரஸ்ல கை வைக்காதீக. நீங்க வைக்கலைன்னா லாரி நகராது. அவரு ஒக்காந்து பேசித்தேன் ஆகணும்."

"நான் வைக்கலைன்னா இன்னொருத்தன் வைப்பான்."

"அவன் பேச்சப் பஞ்சு கேக்காது. அது ஒங்களுக்கும் தெரியும்."

சீனிச்சாமி பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "ஏத்தா, கேளு. எனக்கு அப்ப நாப்பது வயசு. தேனியில ஒரு மில்லுல இருந்தேன். ஆளக் கொறைக்கப் போறாகன்னதும் நாப்பது பேரு மாரியம்மன் சந்நிதியில கற்பூரம் அணச்சுச் சத்தியம் பண்ணுனோம். அஞ்சாம் நாளு கேட்டுல நான் ஒருத்தன் நிக்கேன். மத்தவுக பூராம் பின்வாசல் வழியா உள்ள போயி மெஷின ஓட்டுறாக. மொத ஆளாப் போனது மாயக்கா கூடப்பொறந்தவன். அவ சாகுற மட்டும் அண்ணங்கூடப் பேசல. நீங்க இருபத்திரண்டு பேரு. எத்தனை நாளைக்கு நிப்பீக? வீட்டுல பிள்ள பசின்னு அழுதா மறுநா உள்ள போயிருவீக. அதத் தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நம்பச் சொல்லாத."

"அப்பப் பேல் போடுவீக."

"போடுவேன்."

"மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டீக" என்றாள் ராமுத்தாய். "அந்த மட்டுக்கும் நல்லது." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து அவர் பேல் போட்டார். இலவம்பஞ்சு பருத்தி மாதிரிச் சொன்ன இடத்தில் கிடக்காது. அமுக்க அமுக்க எழும்பும். விடியலில், காற்றில் பனி ஈரம் இருக்கும்போது மட்டும்தான் கொஞ்சம் அடங்கும். அப்போது கால் மாற்றி மாற்றி மிதித்து, திருகை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு விட்டு, மறுபடி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பஞ்சு தானாகப் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டபிறகுதான் இரும்புப் பட்டை போட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிரஸ்ஸைத் தொடக்கூடாது. லோடுமேன் பொன்னுராஜ் சக்கரத்தைச் சுற்ற, சீனிச்சாமி மிதித்தார். ஐந்து விடியலில் இருபத்தாறு பேல்கள் சுவரோரம் ஏறின.

பேல் ஏற ஏற அடைப்பு அறையில் பஞ்சு குறைந்தது. திங்கட்கிழமை தட்டும் சத்தம் மூன்று மணிக்கே நின்றது. செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு. புதன்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் சுவர் ஊமையாகிவிட்டது. பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெறும் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சீனிச்சாமி தன் அறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுவரில் காதை வைத்திருந்தார். வைத்திருக்கிறோம் என்று உணர்ந்ததும் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு சோற்றில் கை வைத்தார். இரண்டு வாய்க்குப் பிறகு பொட்டலத்தை மடித்து வைத்தார்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் சுரேஷ்கண்ணன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "கப்பல் முந்திருச்சு. நாளைக்குக் காலையில லாரி கெளம்பணும். மிச்சம் பதினாலையும் இப்பவே போடுங்க."

"இந்த வெயில்லயா?" என்றார் சீனிச்சாமி. "பஞ்சு இப்பப் பேய் புடிச்சுக் கெடக்கு. பட்டை தாங்காது. விடியட்டும்."

"ஒங்க பனிக்காகக் கப்பல் காத்துக் கெடக்குமா? பொன்னுராஜு, நீ மிதி, நீயே சுத்து."

பொன்னுராஜ் கிழவரைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். சக்கரத்தைப் பிடித்தான். வலுவான ஆள். பஞ்சு அடங்காததால் நாலு சுற்றுக் கூடுதலாகவே சுற்றினான். முதல் பட்டை ஏறியது. இரண்டாவது பட்டையை மாட்டிவிட்டுப் பெட்டிக் கதவைத் திறந்தான்.

டங்கென்று ஒரு சத்தம். பட்டை தெறித்து, சாட்டை மாதிரிச் சுழன்று, அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துக்கொண்டு போனது. பேல் வெடித்தது. ஷெட் முழுக்க வெள்ளை. கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பொன்னுராஜின் அலறல் வந்தது. அதையும் மீறி முதலாளியின் குரல் வந்தது.

"கதவச் சாத்துங்க! பஞ்சு வெளிய போகுது, கதவச் சாத்துங்க!"

அடைப்பு அறையிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ராமுத்தாய் தன் வாய்த்துணியை அவிழ்த்து அவன் கையைச் சுற்றிக் கட்டினாள். நனைந்துவிட்டது. ஜெய்த்தூன் பீவி தன்னுடையதை அவிழ்த்தாள். அடுத்தவள், அதற்கடுத்தவள். ஏழு துணிகள் சுற்றியபிறகுதான் ரத்தம் நின்றது.

"கதவச் சாத்தாதீக! சன்னல் பூராத்தையும் தொறங்க!" ராமுத்தாய் இருமிக்கொண்டே கத்தினாள். "மனுசன் மூச்சு விடணும். பஞ்சு போனாப் போகட்டும்!"

பதினேழு வருசத்தில் முதல்முறையாக அந்த ஜன்னல்கள் வேலை நேரத்தில் திறந்தன. மலைக்காற்று உள்ளே வந்தது. பஞ்சு கூட்டம் கூட்டமாகத் தெருவுக்குப் போனது. வெள்ளை விலக விலக, சீனிச்சாமிக்கு முன்னால் முகங்கள் தெரிந்தன. வாயும் மூக்கும் உள்ள முகங்கள்; மற்றவர்களும் கத்துவதற்காகத் துணியை இறக்கியிருந்தார்கள். பஜாரில் பூக்கடைப் பக்கம் தன்னைக் கூப்பிட்டது இவள்தானா. வீரபாண்டிக்குப் போகும் பாதையில் நீட்டிய மோரைத் தான் வாங்காமல் வந்தது இவளிடமா. அவர் தொட்டியின் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை குரல்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததா?

பொன்னுராஜை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதும், "மெஷின் மேல தப்பில்ல, அவன் கவனக்கொறைவு" என்றான் சுரேஷ்கண்ணன். பெண்கள் வரிசையாக வெளியே போய் கேட்டின் முன்னால் நின்றார்கள்.

"கற்பூரம் வாங்கியாரவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேணாம்" என்றாள் ராமுத்தாய். "பஞ்சு பறக்குற எடத்துல நெருப்பா? அதும்போக, கற்பூரம் அணஞ்சுபோகும்."

ஜெய்த்தூன் பீவி, காயத்துக்குத் துணி கொடுத்தவர்களுக்கு உறைத் துணியில் புதிதாகக் கிழித்துக் கொடுத்தாள். தன்னுடையதைக் கேட்டின் கம்பியில் முதலில் கட்டினாள். "இது இல்லாம எவளும் உள்ள வேலை செய்ய முடியாது. நாளைக்கு ஒருத்திக்கு முடியலையா, பட்டப்பகல்ல வரட்டும், எல்லாருக்கும் முன்னால அவ துணிய அவுத்துட்டு உள்ள போகட்டும். மறிக்க மாட்டோம், ஏச மாட்டோம். ஆனா இங்கன பின்வாசல் கிடையாது."

ராமுத்தாய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "பொன்னுராஜுக்கு வைத்தியம் மொதலாளி பாக்கணும். ஒருத்தரையும் நிறுத்தக்கூடாது. பாதிப் பஞ்சு அடைப்புக்கு. வரிய எறக்கச் சொல்லி மனுக் குடுக்கத் தேனிக்கு அவரும் வரணும், நாமளும் போவோம். அந்தத் தேசத்துல தைக்கிறவளும் நம்மள மாதிரி வாயக் கட்டிட்டு ஒக்காந்திருக்கிறவதேன். அவ சோத்த நாம கேக்கல. நம்ம சோத்தக் கேக்கோம்."

சீனிச்சாமி தன் அறை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாசல் என்ற சொல் எங்கிருந்து போனது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கேட்டுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம். முதலாளியே அறை வாசலுக்கு வந்து நின்றான்.

"பெரியவரே, பனி இருக்கு. நீங்க கேட்ட நேரந்தேன். வாங்க, பதினாலு பேலையும் போட்டுருவோம். சக்கரம் நான் சுத்துறேன்."

"மாட்டேன்."

"என்ன?"

"மாட்டேன்னேன்."

"இந்த ரூம காலி பண்ண வேண்டியிருக்கும்."

"பெட்டியக் கட்டிட்டேன். பானை ஒங்களுக்கு."

சுரேஷ்கண்ணன் சிரித்தான். "அவளுகள நம்பியா?"

"அவளுகள எங்க நம்புறேன். நாளான்னைக்குள்ள பாதிப் பேரு ஒங்க கிட்ட வந்து நிப்பாளுக."

"பின்ன எதுக்கு இந்த வீம்பு?"

சீனிச்சாமி துண்டைச் சும்மாடாகச் சுற்றினார். "ஒருத்தன் கை கிழிஞ்சு கத்துறான். நீங்க பஞ்சு போகுது, கதவச் சாத்துன்னீக. அது காதுல நிக்குது. இனி நான் மிதிச்சாப் பஞ்சு அடங்காது."

பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். லாரி முற்றத்தில் வெறுமனே நின்றது. கேட்டுக்கு வெளியே பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் பெரிய கட்டோடு பொன்னுராஜும் இருந்தான். எதிரே வேப்பமரம் முழுக்க நேற்றைய பஞ்சு ஒட்டியிருந்தது.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கம்பியில் கட்டியிருந்த துணிகளை எண்ணினார். இருபத்திமூன்று. ஒன்று கூடுகிறதே என்று மறுபடி எண்ணினார். கடைசித் துணி பொன்னுராஜுடையது. அவர் தன் இடுப்பிலிருந்து பழைய வாய்த்துணியை உருவினார். வேர்வையில் ஊறி, நாள்பட்டு, சாயம் போனது. அதைக் கம்பியில் மூட்டை கட்டுகிற முடிச்சாக இறுக்கிப் போட்டு, இழுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கினார்.

"எங்க போறீக? உக்காருங்க பெரியப்பா" என்றாள் ராமுத்தாய். "டீ வருது."

"நான் உக்கார வரல."

"சரி, இதச் சொல்லிட்டுப் போங்க. நாங்க நிப்பம்னு இப்பவாச்சும் நம்புறீகளா, இல்லையா?"

சீனிச்சாமி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இனி பஜாரில் பார்த்தால் அடையாளம் தெரியும். அது வேறு விசயம்.

"பாக்கலாம்" என்றார்.

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தது அவர் முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் கேட்டது. அவர் திரும்பவில்லை. தலையில் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். எங்கே படுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. நாளைக்கு வெள்ளன வந்து மறுபடியும் ஒரு தரம் எண்ண வேண்டும். அது மட்டும் முடிவாகியிருந்தது.